பாறை மேல் ரகசியம்

லேண்ட்லைன் அலறியது.

பாக்சைட் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்த அதிகாரி பூபதி ரிசீவரை எடுத்தார்.

"சார், சதீஷ்குமார் பேசறேன்." சுரங்கக் கம்பெனியின் ஆள். குரலில் பதற்றம். "நீங்க எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜையெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்துல காட்டச் சொல்றாளே, அந்தக் கீர்த்தனா..."

"தேவனூர் மிளகுத் தோட்டக்காரிதானே? மெசேஜே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேனே."

"அப்பீல் போட்டிருக்கா சார். நாளைக்கு விசாரணை. 'கிராம சபைத் தீர்மானத்தை நான் பாத்துக்கறேன்'னு நீங்க சொன்னதை... வார்த்தை மாறாம எழுதியிருக்கா."

பூபதிக்கு வியர்த்தது. அந்த மெசேஜ் நிரூபணமானால் அனுமதி போகும். வேலை போகும். அவரே உள்ளே போவார்.

"இதுல பேச வேணாம். செல்லுல கூப்பிடறேன்."

காட்டிக்கொடுத்தது யார்...?

கிளார்க் அம்சவேணி? அவரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. டிரைவர் செல்வம்? செல்போன் எந்நேரமும் ஜீப்பில்தானே கிடக்கிறது...

"செல்வம், என் செல்லைத் தொட்டியா?"

"இல்லீங்க சார். சத்தியமாங்க."

கேட்காமலே சத்தியம் செய்கிறவனைப் பூபதி நம்புவதில்லை.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரே ஜீப்பைக் கிளப்பினார்.

ஆபீசில் டவர் கிடைக்காது. மலைப்பாதை வளைவில் இருக்கும் பாறை மேல் ஏறினால்தான் கிடைக்கும். அங்கே ஜனங்கள் செல்லும் கையுமாக வரிசையில் நின்றார்கள். ஒருவர் பேசி இறங்கிய பிறகே அடுத்தவர் ஏறுவார். மலையில் அப்படித்தான் வழக்கம். ஆபீசர் வந்தால் மட்டும் வழி விடுவார்கள்.

யார் முகத்தையும் பார்க்காமல் பூபதி ஏறினார். காற்று பிய்த்துக்கொண்டு போனது.

"சதீஷ், மெசேஜையெல்லாம் அழிச்சுட்டேன்."

"கேக்கல சார்..."

"அழிச்சுட்டேன்யா! நீயும் அழிச்சிடு. தீர்மானத்துல கைநாட்டு வெச்சது நாமதான்னு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது."

நிம்மதியாக இறங்கினார்.

வரிசையில் முதலில் நின்ற பெண் கேட்டாள்.

"ஏனுங்க, பேசி முடிச்சாச்சுங்களா?"

"ம்."

"எப்பவுமே இப்படித்தானுங்க. இங்க நின்னு நீங்க கத்தற மெசேஜ் அவருக்குப் போறதுக்கு முன்னாடி எங்களுக்கு வந்துருதுங்க."

பூபதி அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ... யாரு?"

"கீர்த்தனாங்க." பின்னால் நின்றவர்களைக் காட்டினாள். "நாளைக்கு இவங்களும் சாட்சி சொல்ல வாராங்க."

பூபதி கையிலிருந்த ஜீப் சாவியைப் பார்த்தார். பாவம், செல்வம்.

கீர்த்தனா பாறை மேல் ஏறினாள். செல்லைக் காதில் வைத்தவள் திரும்பினாள்.

"வக்கீல்கிட்டப் பேசோணுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி... இது ப்ரைவேட்."