சாய்வதற்கு ஒரு முதுகு

புதிதாய்ப் பூசிய சுண்ணாம்புச் சுவர் ஓரிடத்தில் புடைத்திருந்தது. கொட்டாஞ்சேனையில் இப்படி விடாமல் மழை பெய்தால் எந்தச் சுவரும் புடைக்கத்தான் செய்யும் என்று சாமினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கையை வைத்துப் பார்த்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள். சுற்றிலும் எல்லாம் நனைந்து குளிர்ந்து கிடக்க, அந்த இடம் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. இரண்டு பக்கமும் தோள் எலும்புகள்போல மேடேறி, நடுவில் ஒரு கோடு முடிச்சு முடிச்சாகக் கீழே இறங்கியது.

ஊரார் அந்தக் கட்டடத்தைக் கல்வீடு என்பார்கள். ஒல்லாந்தர் காலத்துக்கும் முந்தியது. வாசலும் இல்லை, ஜன்னலும் இல்லை. நான்கு பக்கமும் கல். அதன் சுவரையே பின்சுவராக்கி ஒட்டிக் கட்டியிருந்த வீடுகளை இடித்து, குடும்பங்களைத் தெமட்டகொடை மாடிவீடுகளுக்கு அனுப்பி, சுற்றிவரப் புல் பதித்து வேலி போட்டது சாமினியின் பொறுப்பு. நாளைக்குத் திறப்பு விழா. நினைவுச்சின்னம் இப்போதுதான் மூச்சு விடுகிறது என்று பேசுவதற்கு எழுதியும் வைத்திருந்தாள்.

அப்படி அனுப்பப்பட்டவர்களில் யூஜினாதான் ஒரே தலையிடி. வீடு மாறிப் போன பிறகும் பொழுதுபடும் நேரத்துக்குப் பஸ் பிடித்து, பழைய அயலட்டைப் பெண்கள் மூவரோடு வந்துவிடுவாள். ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்ப்பார்கள். நன்றாக இருட்டியதும் எழும்பிப் போவார்கள். வெள்ளைச் சுவரில் தேங்காய் எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சும். நேற்று சாமினிக்குப் பொறுமை போய்விட்டது.

"இனி ஒருத்தரும் வரக்கூடாது. சுவரெல்லாம் எண்ணெய். வீடு தந்தாச்சுத்தானே, பிறகென்ன?"

"வீடு நல்லம் மிஸ்," என்றாள் யூஜினா. "ஆனா உள்ளுக்கு இருக்கிறவங்களுக்குச் சாய ஆள் வேணும். முந்தியும் ஒரு வீடு பூட்டிக் கிடந்தா, பக்கத்து வீட்டு ஆள் போய்ச் சாஞ்சு இருக்கும். வெறுமையா விடுறதில்ல."

சாமினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததோடு விட்டிருக்கலாம். கேற்றுக்குப் புதுப் பூட்டும் போட்டுவிட்டாள்.

இன்று பிள்ளை பார்க்கிற பெண்ணுக்குக் காய்ச்சல். ஐந்து வயது மகள் ஆரணியை வெள்ளவத்தை பிளாட்டில் தனியே விட முடியாமல் கூடவே கூட்டி வந்திருந்தாள். வேலையாட்கள் போனதும் கேற்றை உள்ளால் பூட்டியிருந்தாள். மழை விட்டிருந்தது. நனைந்த புல்லின் வாசமும் சுண்ணாம்பின் காரநெடியும் கலந்து கிடந்த அந்த மங்கலில், எங்கோ கோயில் மணியும் அதற்கு மேலால் மாதா கோயில் மணியும் அடித்து ஓய, அவள் விழாவுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மணிகள் ஓய்ந்த பிறகுதான் ஆரணியின் சத்தமும் இல்லை என்பது உறைத்தது.

பிள்ளை சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எழும்பு குஞ்சு. சட்டையெல்லாம் ஈரச் சுண்ணாம்பு."

"ஏலாது அம்மா. பின்னால ஆரோ சாஞ்சுகொண்டு இருக்கினம். நான் எழும்பினா அவை விழுந்திடுவினம்."

சாமினி அவளைத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. கக்கத்தில் கைகொடுத்து இழுத்தாள். பிள்ளை வீரிட்டு அழுதாள், அசையவில்லை. யூஜினாவுக்குப் போன் எடுத்தாள்.

"ஐயோ, இழுக்காதீங்க மிஸ்! நீங்க பக்கத்தில சாயுங்க. பிள்ளைய விட்டிரும். நீங்க பூட்டினாலும் நாங்க நாலு பேரும் வெளிக்கிட்டம். மருதானையில நிக்கிறம், பஸ் நகருதில்ல. வாறம் மிஸ், வாறம்."

சாமினி உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சாய்ந்தாள்.

முதலில் சூடு. பிறகு பாரம். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு அவளைத் தேடி வந்து, எலும்பு எலும்பாக, அவளோடு பொருந்தியது. யாரோ நெடுநேரம் நின்று களைத்தவர் விடுகிற பெருமூச்சு.

ஆரணி எழுந்து நின்றாள். அதுவே போதும் என்றிருந்தது சாமினிக்கு. பிள்ளை தப்பிவிட்டாள். தானும் எழும்பப் பார்த்தாள். முடியவில்லை.

"அம்மாவைப் பாத்துக்கொண்டு இதிலயே நில், என்ன?"

ஆரணி அவளைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கால பக்கமும் கூப்பிடினம் அம்மா. அங்க சாய ஒருத்தரும் இல்லையாம்."

"போகாதே! ஆரணி!"

ஈரப் புல்லில் சின்னக் காலடிகள். மூலை திரும்பின. நின்றன.

கத்தினாள். மறுபடியும் பெயரைச் சொல்லிக் கத்தினாள். வீதியில் ஒரு பஸ் வந்து நின்றது. கேற்றை யாரோ உலுக்கினார்கள். பூட்டு. புதுப் பூட்டு. அதன் திறப்பு அவளுடைய பையில். பை கைக்கு எட்டாத தூரத்தில்.

அப்போது முதுகுக்குப் பின்னால் அந்தப் பாரம் மெல்ல விலகியது. யாருக்கோ இடம் கொடுப்பதுபோல. அந்த இடத்தில், அவள் இடுப்புக்கு நேராக, கல்லுக்கு அந்தப் பக்கம், புதிதாக ஒன்று வந்து சாய்ந்தது.

சின்ன முதுகு. அதன் ஈரச் சட்டை அவள் முதுகில் குளிர்ந்தது.