திங்கட்கிழமைப் பாடு

தனக்கோடி தாத்தா திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடமாட்டார். அறுபது வருஷமாக இப்படித்தான். ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில் திங்கட்கிழமை விருந்து என்றால், பத்திரிகை வைப்பவர்களே, "பெரியவரே, நீங்க காலைலயே வந்துடுங்க" என்பார்கள்.

போன திங்கட்கிழமை தாத்தா தலைசுற்றி வாசலில் விழுந்துவிட்டார். நெற்றியில் இன்னும் காயம் ஆறவில்லை. "சுகர் மாத்திரை போட்டுக்கிட்டுப் பட்டினி கிடக்கலாமா?" என்று பொன்னேரி டாக்டர் திட்டி அனுப்பியிருந்தார்.

இன்றும் திங்கட்கிழமை. மடவை மீன் குழம்பு மணக்க, தாத்தா ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மறுபடி விழுந்துவிடுவாரோ என்று பத்து வயது நிவேதாவுக்குப் பயமாக இருந்தது.

"ஒரு வாயாவது சாப்புடுங்க மாமா," என்று கெஞ்சினாள் அவள் அம்மா காந்தா.

"வாணாம்மா. லால் பகதூர் சாஸ்திரிக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"இன்னா தாத்தா, அவரு உன்னை வந்து கேட்டாரா?" என்றாள் நிவேதா.

"ரேடியோல கேட்டாரு. எனக்கு அப்போ பதினோரு வயசு. நாட்டுல தானியத்துக்குப் பஞ்சம். வாரத்துல ஒருவேளை, திங்கக்கிழமை ராத்திரி, விட்டுக்குடுங்கன்னாரு. பிரதமரு வூட்டுலயே மொதல்ல அப்படி இருந்து பாத்துட்டுத்தான் நம்மளக் கேட்டாராம். கொஞ்ச நாள்ல தாஷ்கண்ட்ல செத்துட்டாருன்னு சேதி வந்துச்சு. அன்னிக்கு எங்க நைனா வலைய எறக்கல. போதும், சாப்புடுங்கன்னு சொல்ல வேண்டிய மனுசனே போயிட்டாரு. நானா எப்படி நிறுத்தறது?"



அப்போதுதான் நிவேதாவின் நைனா சிவகுமார் கைகழுவிவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். மூன்று தட்டுச் சோறு உள்ளே போகாமல் எழுந்திருக்காத மனிதர். அவரைப் பார்த்ததும் நிவேதாவுக்கு ஒரு யோசனை வந்தது.

ஏரியில் வலை போட ஆளுக்கொரு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள்.

"தாத்தா, ஏரியில உன் பாடு வந்தா இப்போ யாரு போறது?"

"உங்க நைனாதான். எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சே."

"அப்போ உன் பாடு போயிடுச்சா?"

"எப்படிப் போவும்? அவன் போனா நான் போன மாதிரி."

"அப்போ திங்கக்கிழமையும் உனக்குப் பதிலா நைனாவே இருக்கட்டும்!"

சோற்றை நோக்கிப் போன சிவகுமாரின் கை நின்றது. "இன்னாது, நானா?"

காந்தா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிவகுமார் குழம்பைப் பார்த்தார். பிறகு தாத்தாவின் நெற்றிக் காயத்தைப் பார்த்தார். தட்டை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

"சாப்புடு நைனா. இன்னிலருந்து இது என் பாடு."

தாத்தா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் ஒரு வாய் வைத்தார். கண்கள் நிறைந்துவிட்டன.

"காரமா மாமா?"

"இல்லம்மா. திங்கக்கிழமைச் சோறு எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

"நைனாவுக்கு அப்புறம் நான்," என்றாள் நிவேதா.

"ஏரியில பொம்பளப் புள்ளைங்களுக்குப் பாடு கெடையாது. இதுல உண்டு," என்றார் தாத்தா. "ஆனா பதினெட்டு வயசு ஆவணும்."

சிவகுமார் விரல்விட்டு எண்ணினார். "எட்டு வருஷமா! காந்தா, காலைக்கு அந்த மீன் தலைய எடுத்து வை."

தாத்தா சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.