செவலையில் ஒரு சீட்டு காலி

போன வருஷம் சூர்யா அழுத அழுகையை அந்தப் பூங்காவில் வேலை செய்கிறவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

அழுகைக்குக் காரணம் செவலை. திருமங்கலம் தாண்டி நாற்கரச் சாலையின் ஓரத்தில் இருக்கும் 'தும்பி உலகம்' பூங்காவில் செவலைதான் பெரிய ரோலர் கோஸ்டர். முன்னால் காளை முகமும் இரண்டு கொம்புகளும் வைத்த சிவப்பு வண்டி. பனைமரத்தைவிட உயரமாக ஏறும். உச்சியில் ஒரு நொடி நிற்கும். பிறகு தலைகுப்புறப் பாயும்.

அதில் ஏற வேண்டுமென்றால் வாசலில் இருக்கும் அளவுப் பலகையின் கோட்டைத் தலை தொட வேண்டும். போன வருஷம் சூர்யாவுக்கு இரண்டு விரல் குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் சும்மா இருக்கவில்லை. தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். முட்டை தின்றான். தூங்கும்போதுகூடக் காலை மடக்காமல் தூங்கினான். இப்போது அவன் மூன்றாம் வகுப்பு.

இன்று சிம்மக்கல்லில் இருந்து அவர்கள் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். சூர்யாவையும் அவன் அக்கா சத்யப்ரியாவையும் அருள்பாண்டி மாமா கூட்டி வந்திருந்தார்.

சத்யா ஆறாம் வகுப்பு. எதையும் யோசித்துச் செய்கிற பெண். பூங்காக் கதவு திறந்ததும் கூட்டம் முழுக்க வாசலுக்கு எதிரே இருந்த ராட்டினத்தை நோக்கி ஓடியது.

"நாம கடைசிக்குப் போவோம் மாமா. அங்க இருந்து முன்னால வருவோம்" என்றாள் சத்யா.

அவள் சொன்னது பலித்தது. பூங்காவின் கடைசியில் ஈ, காக்கை இல்லை. மோதும் கார்களில் இரண்டு முறை ஓட்டினார்கள். தண்ணீர்ச் சறுக்கில் சூர்யா நான்கு முறை வழுக்கினான். ராட்டினத்து வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆனால் செவலை காலையில் ஓடவில்லை. மதியம் இரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்று பலகை வைத்திருந்தார்கள்.

"ஒன்றரைக்கெல்லாம் சாப்பிட்டு முடிச்சு வாசல்ல நின்னுரணும்" என்றாள் சத்யா.

அன்று பார்த்து அருள்பாண்டி மாமா ஒரு தட்டுப் பிரியாணியை ஒரு மணி நேரத்துக்கு மேல் சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சினார். வெங்காயப் பச்சடி இரண்டாம் முறை வாங்கினார். பிறகு ஒரு ஜிகர்தண்டா. அதையும் சிறு கரண்டியால் சாப்பிட்டார்.

அவர்கள் செவலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது.

வாசலில் பச்சைச் சட்டை போட்ட ஒரு அக்கா நின்றிருந்தாள். சட்டையில் 'தமிழ்வாணி' என்று பெயர் தைத்திருந்தது. சூர்யா போய் அளவுப் பலகையில் முதுகை ஒட்டி நின்றான். மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

தமிழ்வாணி அவன் தலையில் கை வைத்துப் பார்த்தாள். "ஏறலாம். ஆனா பத்து வயசுக்குக் கீழ இருக்கிறதால பெரியவங்க யாராச்சும் பக்கத்துல உக்காரணும்."

"எங்க மாமா உக்காருவாரு" என்று சூர்யா துள்ளினான்.

மாமா ஏனோ இருமினார்.

உள்ளே நுழைந்த பிறகுதான் வரிசையைப் பார்த்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே கம்பிகளுக்கு நடுவே வரிசை வளைந்து வளைந்து போனது. அவர்கள் நின்ற இடத்தில் ஒரு பலகை தொங்கியது: 'இங்கிருந்து இரண்டு மணி நேரம்.'

வேன் சரியாக ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும்.

"அடடா, முடியாது போலயே" என்றார் மாமா. அவர் முகத்தில் மட்டும் வருத்தத்தையே காணோம். "சரி மாப்ள, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். வாங்க, ஐஸ்கிரீம் வாங்கித் தாரேன்."

சூர்யா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் கீழுதடு நடுங்கத் தொடங்கியது.

"கொஞ்ச நேரம் நிப்போம் மாமா" என்றாள் சத்யா.

வரிசையின் அந்த வளைவில் இருந்து பார்த்தால் வண்டியில் ஆட்களை ஏற்றும் மேடை நன்றாகத் தெரிந்தது. சத்யா பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டியில் ஆறு வரிசை. ஒவ்வொன்றிலும் நான்கு இருக்கை. முதல் வரிசையில் அம்மா, அப்பா, ஒரு பெண். நான்காவது இருக்கை காலி. அடுத்த வரிசையிலும் மூன்று பேர். அதற்கடுத்த வரிசையில் ஒரு ஜோடி மட்டும். வண்டி கிளம்பியது.

"ஏழு" என்றாள் சத்யா.

"என்னக்கா ஏழு?"

"இரு, சொல்றேன்."

அடுத்த வண்டியில் எட்டு. அதற்கடுத்ததில் ஆறு.

இங்கே இருநூறு பேருக்கு மேல் கால் கடுக்க நிற்கிறார்கள். அங்கே இருக்கைகள் சும்மா வானத்தில் சுற்றிவிட்டு வருகின்றன.

"மாமா, இடத்தை விட்டுறாதீங்க. இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"அக்கா, ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு சீட்டு காலியாப் போகுது."

தமிழ்வாணி அலுப்போடு சிரித்தாள். "தெரியும்மா. மூணு பேரா வாரவங்க சேர்ந்துதான் உக்காருவாங்க. பக்கத்துல ஒரு சீட்டு வீணாத்தான் போகும். குடும்பத்தைப் பிரிச்சு உக்கார வச்சா என்னையத்தான் வைவாங்க."

"யாரையும் பிரிக்க வேணாம்க்கா. எங்க சிம்மக்கல்லுல ஷேர் ஆட்டோ பாத்திருக்கீங்களா? ஒரு இடம் மிச்சம் இருந்தா டிரைவர் அண்ணன் சும்மா கிளம்ப மாட்டாரு. 'ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டு'ன்னு கூப்புடுவாரு. தனியா நிக்கிற ஆளு யாராச்சும் ஓடி வந்து ஏறிக்குவாங்க. அதே மாதிரி, தனியா ஏறச் சம்மதிக்கிறவங்களை மட்டும் பக்கத்துல தனி வரிசையா நிக்க வைங்க. எங்க இடம் காலியோ அங்க அவங்களை உக்கார வைங்க."

தமிழ்வாணி வண்டியைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியை எடுத்தாள்.

சற்று நேரத்தில் மேற்பார்வையாளர் அசோக்குமார் வந்தார். கழுத்தில் விசில். சட்டை முழுக்க வியர்வை. காலையில் இருந்து அவரிடம் வரிசையைப் பற்றிப் புகார் சொல்லாத ஆளே இல்லை போலும். சத்யா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"செஞ்சுதான் பாப்போமே. சண்டை வந்துச்சுன்னா நிறுத்திருவேன்" என்றார்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டினார்கள். தமிழ்வாணி ஒலிபெருக்கியை எடுத்தாள். "தனித்தனியா உக்காரச் சம்மதிக்கிறவங்க இந்தக் கயித்துக்குப் பக்கத்துல வாங்க. உங்களுக்குச் சீக்கிரம் இடம் கிடைக்கும்."

முதலில் கல்லூரி அண்ணன்மார் எட்டுப் பேர் ஓடி வந்தார்கள். பின்னால் இருந்தும் சிலர் வந்தார்கள். அடுத்த வண்டியில் ஒரு இருக்கைகூடக் காலியில்லை. செவலை பாரம் இழுக்கும் காளை போலக் கனத்து மேலே ஏறியது.

உடனே சண்டை வந்தது.

"ஏன் சார், நாங்க எல்லாம் எதுக்கு நிக்கிறோம்? பின்னாடி நின்னவன் முன்னாடி போறான்" என்று மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கத்தினார். அவரோடு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அசோக்குமார் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

சத்யா வரிசைக் கம்பியின் கீழ்ப் படியில் ஏறி நின்றாள். மேடையை நோக்கிக் கை நீட்டினாள்.

"அண்ணே, அந்தா பாருங்க, மூணு பேருக்குப் பக்கத்துல ஒரு சீட்டு. அதுல நீங்க நாலு பேரும் உக்கார முடியுமா?"

"அது எப்பிடி முடியும்?"

"அப்ப அது உங்க சீட்டு இல்லையே. யாருமே உக்காராம போக இருந்த சீட்டு. உங்களுக்கு முன்னால நின்ன காலேஜ் அண்ணன்மாரு எட்டுப் பேரும் இப்ப எங்க?"

மஞ்சள் சட்டைக்காரர் முன்னால் திரும்பினார். அங்கே வெறும் இடம்தான் இருந்தது.

"அப்பா, நடப்பா. வரிசை நகந்துருச்சு" என்று அவர் மகன் முதுகில் தள்ளினான்.

அவர் நடந்தார். அவருக்குப் பின்னால் எல்லோரும் நடந்தார்கள். அசோக்குமார் கயிற்றில் இருந்து கையை எடுத்தார்.

தமிழ்வாணி சத்யாவின் தோளில் தட்டினாள். "உனக்குப் பத்து வயசு தாண்டிருச்சுல்ல? நீ தனியா ஏறலாம். அடுத்த வண்டியில முன் சீட்டு காலி. வா."

முன் இருக்கை. கொம்புக்கு நேர் பின்னால். சத்யாவின் கால் தானாகவே ஒரு அடி எடுத்து வைத்தது. பிறகு அவள் திரும்பிப் பார்த்தாள்.

தூரத்தில் கம்பிக்கு மேலே சூர்யாவின் தலை மட்டும் தெரிந்தது. எக்கி எக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா. தம்பி தனியா ஏற முடியாது. நான் அவன்கூடத்தான் ஏறுவேன்."

"சரி, மூணு பேரும் முன்னால வாங்க. நீ சொல்லித்தான இதெல்லாம் நடக்குது."

சத்யாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மஞ்சள் சட்டைக்காரர் அங்கேதான் நின்றிருந்தார்.

"நாங்க முன்னால வந்தா அந்த அண்ணனோட சீட்டை எடுத்த மாதிரி ஆயிரும்க்கா" என்று சொல்லிவிட்டு ஓடிப் போய்த் தம்பி பக்கத்தில் நின்றாள்.

வரிசை இப்போது நடந்தது. முன்பு எறும்பு மாதிரி நகர்ந்த வரிசை, இப்போது சாமி ஊர்வலம் மாதிரி நகர்ந்தது. ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் சூர்யா குதித்தான். ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் மாமாவின் முகம் வெளிறியது.

"உன் மூளையை இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல வச்சுட்டு வந்திருக்கலாம் தாயி" என்றார்.

"மாமா, உங்களுக்குப் பயமா?"

"பயமெல்லாம் இல்ல. பிரியாணி கொஞ்சம் அதிகமாயிருச்சு."

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. வேன் ஓட்டுநர் சங்கிலி. பக்கத்தில் நின்ற சத்யாவுக்கே அவர் குரல் கேட்டது. "அருளு, அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான். எல்லாரையும் கூட்டிட்டு வந்துரு."

மணி நாலே கால். முன்னால் இன்னும் மூன்று வளைவுகள் இருந்தன.

அந்த நேரத்தில்தான் கயிற்றுப் பக்கம் ஆள் தீர்ந்துபோனது. ஒரு வண்டி ஐந்து இருக்கை காலியாகக் கிளம்பியது. தமிழ்வாணி ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள். பூங்காவின் பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வரிசை மறுபடியும் எறும்பு மாதிரி ஆகிவிட்டது.

சத்யா தம்பியைப் பார்த்தாள். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அவன் போடும் கத்தல் ஆற்றுப் பாலம் வரைக்கும் கேட்கும்.

"சூர்யா, ஷேர் ஆட்டோக்கார அண்ணன் எப்பிடிக் கூப்புடுவாரு?"

சூர்யா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு கைகளையும் வாயருகே குவித்தான்.

"ஒரு சீட்டு, ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டு. செவலை கிளம்புது, செவலை கிளம்புது. வாங்கக்கா, வாங்கண்ணே, உக்காந்து போகலாம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. மஞ்சள் சட்டைக்காரரின் பிள்ளைகளும் சேர்ந்து கூவத் தொடங்கினார்கள். வரிசையில் முன்னால் நின்றவர்களும் வெளியே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வந்தார். இரண்டு பேர் வந்தார்கள். பிறகு கயிற்றுப் பக்கமே ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

வண்டி மறுபடியும் நிறைந்தது. வரிசை மறுபடியும் நடந்தது. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. கடைசி வளைவு.

நாலே முக்காலுக்கு அவர்கள் மேடையில் நின்றார்கள்.

சத்யா, சூர்யா, மாமா என்று மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு இருக்கை காலி. கயிற்றுப் பக்கம் இருந்து பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா விறுவிறுவென்று வந்து உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"என் பேரு லலிதாம்பாள். எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது" என்றார். "காலையில இருந்து எல்லார் பையையும் மடியில வச்சுட்டு அந்த பெஞ்சுல உக்காந்திருந்தேன். இந்தப் பிள்ளை கூப்பிட்டதும் எல்லாத்தையும் அவர்கிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன்."

பாதுகாப்புக் கம்பி கீழே இறங்கி 'டக்' என்று பூட்டிக்கொண்டது. வண்டி மெல்ல ஏறியது. மரங்கள் கீழே போயின. நாற்கரச் சாலையில் லாரிகள் தீப்பெட்டி போலத் தெரிந்தன. அதற்கும் அப்பால் வயலும் கண்மாயும் வெயிலில் மின்னின.

உச்சியில் செவலை நின்றது.

"அக்கா" என்றான் சூர்யா.

"ம்."

"என் கையப் பிடிச்சுக்கோ."

அவள் பிடித்துக்கொள்வதற்குள் வண்டி பாய்ந்தது.

காற்று முகத்தில் அறைந்தது. வயிறு மேலேயே தங்கிவிட்டது. உடம்பு மட்டும் கீழே விழுந்தது. சூர்யா கத்தினான். சத்யா கத்தினாள். மாமா "ஆத்தா, மீனாட்சி" என்று கூப்பிட்டார். அவர்கள் மூவரையும்விடச் சத்தமாக லலிதாம்பாள் சிரித்தார். வலப்பக்கம் ஒரு சாய்வு, இடப்பக்கம் ஒரு சாய்வு, தலைகீழாக ஒரு சுற்று. வானம் காலுக்குக் கீழே வந்துவிட்டுப் போனது.

வண்டி நின்றபோது மாமாவின் கண்கள் மூடியே இருந்தன. அவர் கை லலிதாம்பாளின் புடவைத் தலைப்பை முறுக்கிப் பிடித்திருந்தது.

"தம்பி, இறங்கியாச்சு. தலைப்பை விடுப்பா" என்றார் லலிதாம்பாள்.

மூன்று பேரும் வேனை நோக்கி ஓடினார்கள். சங்கிலி வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். ஐந்தாக இன்னும் சில நொடிகள் இருந்திருக்கும். சத்யா ஏறியதும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். செவலை நிறைய ஆட்களோடு மறுபடியும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

சூர்யா ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தான். செவலையில் ஏறிய கதையை முதலில் சங்கிலிக்குச் சொன்னான். பிறகு திரும்பி உட்கார்ந்து வேனில் இருந்த எல்லோருக்கும் சொன்னான். திருமங்கலம் வந்தது, போனது. அவன் இன்னும் உச்சியில்தான் நின்றுகொண்டிருந்தான்.