ஏறாத சூடு

சூடு ஏறவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. ப்ராசஸரை கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் முடுக்கி, மூச்சுவிடாமல் கணக்குப் போடவைக்கும் சோதனையையும் ஓடவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரும் கொதிக்கத்தான் வேண்டும். திரையில் முப்பத்தேழு டிகிரி அப்படியே நின்றது.

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறிக்குப் பின்னால் கையை நீட்டிப் பார்த்தான். குளிர்ந்த காற்று வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். அறையில் காயாத துணியின் வாடையும், ப்ராசஸர்மேல் புதிதாகத் தடவிய, சூடு கடத்தும் பசையின் மருந்து வாடையும் கலந்து கிடந்தன. பேசிப் பேசி அலுத்து, பிறகு பேசாமலே இருந்து அலுத்துப்போன வீடு அது. மனைவியோடு ஒரே கூரைக்குக் கீழே விருந்தாளிபோல இருக்கப் பழகிவிட்டவனுக்கு இந்த எண்களோடுதான் கொஞ்சம் ஒட்டுதல் மிச்சமிருந்தது. அவசரக்காரனும் இல்லை. வேகத்தை ஒரு படி ஏற்றுவான், சோதிப்பான். தாங்கினால் அடுத்த படி, தடுமாறினால் ஒரு படி இறக்கி அங்கேயே நிறுத்திவிடுவான்.

அடுத்த படி ஏற்றினான். படுக்கையறையில் கட்டில் முனகியது.

மதியத்திலிருந்தே அவளுக்கு உடம்பு சரியில்லை. மதியம்தான் இவனும் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, உடம்பெல்லாம் காந்துது. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

இது முடியட்டும், வருகிறேன் என்றான். முடிந்தது. முப்பத்தேழு. இன்னொரு படி ஏற்றினான்.

விசிறியின் இரைச்சல் கூடியது. அதற்கு அடியில் இன்னொரு இரைச்சல், அதே வேகத்தில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. சோதனையை நிறுத்தினான். அதுவும் தணிந்தது. மறுபடி ஓடவிட்டான். அதுவும் ஏறியது.

மூச்சு. அவளுடைய மூச்சு.

பயம்கூட பக்கத்து வீட்டில் யாருக்கோ வந்த மாதிரி தள்ளியே இருந்தது. எழுந்து போய் அவள் நெற்றியில் கை வைத்தான். சுட்டது, கையை எடுத்துக்கொண்டான். அங்கே போட்டிருந்த ஈரத்துணி காய்ந்து விறைத்திருந்தது.

"ஏத்திக்கிட்டே இருக்கீங்க," என்றாள், கண்ணைத் திறக்காமல். "இறக்கிடுங்க. என்னால தாங்க முடியல."

திரும்பி வந்து உட்கார்ந்தான். இறக்கத்தான் வந்தான். கை மவுஸைத் தொடுவதற்குள் திரை உறைந்தது. மூலையில் ஓடிக்கொண்டிருந்த நொடிகள் நின்றுபோயின. விசிறி மட்டும் சுற்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை.

ஓடினான்.

நெற்றித் துணியை எடுக்க அவள் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. வாய் பாதிச் சொல்லில் திறந்திருந்தது. கண் திறந்திருந்தது. இமை அசையவில்லை. நெஞ்சு ஏறவில்லை.

"இங்க பாரு. என்னைப் பாரு."

டாக்டருக்குப் போன் செய்திருக்கலாம். அது தோன்றவே இல்லை. உறைந்துபோனதற்கு அவன் கைகள் பழகிய வைத்தியம் ஒன்றுதான். பெட்டியிடம் ஓடி, பட்டனை அழுத்தி அணைத்தான். மறுபடி அழுத்தினான். கிளம்பவில்லை. கிளம்பாவிட்டால் அடுத்தது என்ன என்பதும் கைக்குத் தெரியும். உள்ளே இருக்கும் காசளவு பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்ட வேண்டும். ஏற்றியதெல்லாம் அழிந்து, பெட்டி கம்பெனியிலிருந்து வந்த முதல் நாளுக்குத் திரும்பிவிடும். ஒருதடவைகூட அது அவனைக் கைவிட்டதில்லை.

கழற்றினான். பொறுத்தான். மாட்டினான். அழுத்தினான்.

விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு திரும்பியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

பதிலுக்கு அழுகை வந்தது. வீல்வீலென்று, விட்டுவிட்டு. பிறந்த குழந்தையின் அழுகை. தொண்டை மட்டும் பெரியவளுடையது.

எல்லாவற்றையும் மறந்துவிட்ட பெட்டி, இன்று என்ன தேதி என்று திரையில் கேட்டுக்கொண்டு நின்றது. அவன் படுக்கையறை வாசலுக்குப் போனான். அவள் மல்லாந்து கிடந்தாள். மூடிய கைகள். காற்றை உதைக்கும் கால்கள். கண்கள் அவன் முகத்தின்மேல் ஊர்ந்து, எங்கும் நிற்கத் தெரியாமல், விளக்கு வெளிச்சத்தின் பக்கம் திரும்பின.