ம் கொட்டியவள்

ராஜசேகரன் வாக்கியத்தை முடிப்பதற்குள் 'ம்' வந்துவிட்டது.

மகளுக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டான். லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அவன். மனைவி கிருஷ்ணம்மா காய்ச்சலில் இறந்து மூன்று மாதம். இப்போது ஆறு வயது புஷ்பவள்ளிக்கும் அதே காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் செல்லப்பன் ஊசி மருந்து வாங்க மத்தியான ரயிலில் குளுவாங் டவுனுக்குப் போயிருந்தார். கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்:

"நான் வர்ற வரைக்கும் புள்ளயத் தூங்க விட்றாதீங்க கிராணி, நினைவு தப்பிரும். பேசிக்கிட்டே இருங்க. உங்களுக்குத்தான் பேச்சே வராதே, கதையாவது சொல்லுங்க."

சிங்கப்பூரில் வாங்கிய படப்புத்தகம் இருந்தது. தாயைத் தேடி அரண்மனைக்குள் போகும் இளவரசி. பக்கத்துக்கு ஒரு கதவு, ஏழு கதவுகள்.

"நான் ம் கொட்டுறேன்பா. கொட்டலேன்னா தூங்கிட்டேன்னு அர்த்தம்," என்றாள் புஷ்பவள்ளி.

ஆங்கில வரிகளைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னதால் அவன் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒலியை நம்பினான். தகரக் கூரையில் மழை சீராக அறைந்துகொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் நாலு மணிக்கே கறுத்துப் போயிருந்தன, கதவு சாத்தியிருந்தும் அறைக்குள் எங்கிருந்தோ தோண்டிய ஈரமண்ணின் வாடை வந்துகொண்டிருந்தது.

"மூணாவது கதவைத் திறந்தா, உள்ள ஒரே இருட்டு."

"ம்."

ஐந்தாவது கதவில் 'ம்' கனத்து வந்தது. காய்ச்சல் தொண்டை. அப்படித்தான் இருக்கும். வாடை கூடியது.

"ஆறாவது கதவுக்குப் பின்னால யாரோ மூச்சு விடுற சத்தம்."

"அப்புறம்?"

புஷ்பவள்ளி ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

அவன் நிமிர்ந்தான். குழந்தையின் கண்கள் மூடியிருந்தன. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. எப்போது தூங்கினாள்? எத்தனையாவது கதவில்?

"வள்ளி. எந்திரிம்மா."

உதடு அசையவில்லை.

"ம்."

குழந்தையின் மறுபக்கத்திலிருந்து. சுவரோரம். அங்கே கிருஷ்ணம்மா படுக்கும் பாதிப் பாய் காலி.

தோளைப் பிடித்து உலுக்கினான். உடம்பு கொதிக்கவில்லை. குளிர்ந்துகொண்டிருந்தது.

"அவ தூங்கட்டும்," என்றது குரல், தாழ்ந்து, பழகிய மரியாதையோடு. "நீங்க சொல்லுங்க."

ஏழாவது பக்கம் பாக்கி. எழுத்துகள் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. புத்தகம் கையிலிருந்து நழுவியது.

மழை மட்டும்.

குழந்தையின் காலடியில் கிடந்த போர்வை நகர்ந்தது. முழங்கால். மார்பு. கழுத்து. யாரும் இழுக்கவில்லை. முகம்.

போர்வைக்கடியில் இரண்டு தலைகள் இருந்தன.