லேசான கவசம்

"நாளைக்குக் காலையில எல்லா ஏப்ரனையும் எக்ஸ்ரே போட்டுப் பாத்துடணும், மலர்."

"ஏப்ரனுக்கு எக்ஸ்ரேவா? அதுக்கு என்னடா, நெஞ்சு வலியா?"

"சிரிக்காத லா! கதிரைத் தடுக்குற கோட்டு இவ்ளோ லேசாவா இருக்கும்? பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைல வாங்கின ரெயின்கோட்டு மாதிரி இருக்கு!"

"ஈயம் இல்லாத புது மாடலாம். எல்லாரும் முதுகு வலி போச்சுன்னு சந்தோஷமா இருக்காங்க. உனக்கு மட்டும் ஏன்டா வயித்தெரிச்சல்?"

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களே... அதான் பயமா இருக்கு."

நேற்று மாலை முகுந்தன் சொன்னது அது. சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைச் சுழற்றிக்கொண்டே நடந்தான். மோட்டார் சைக்கிளில் காப்பாரில் இருக்கும் வீட்டுக்குப் போகவேண்டியவன்.

போகவில்லை.

இன்று காலை... மருத்துவமனையின் பின்புறப் படிக்கட்டுக்குக் கீழே, கழுத்து ஒடிந்து கிடந்தான்!

மலர்விழி அழவில்லை. கிள்ளானில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையில் முகுந்தனும் அவளும் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு அவள்தான் பொறுப்பு.

"கடைசியா என்ன பேசினான்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் இம்ரான்.

சொன்னாள்.

"அப்போ அவன் ஆசையை நிறைவேத்திடுவோம் மேடம்."

இதய சிகிச்சை அறை. முதல் ஏப்ரனை மேஜையில் விரித்து, அடியில் தன் சாவிக்கொத்தை வைத்தாள். இருவரும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார்கள். பொத்தானை அழுத்தினாள்.

"நல்ல ஏப்ரன்னா திரை கறுப்பா இருக்கும், சார். சாவி தெரியக்கூ..."

தெரிந்தது!

ஒவ்வொரு சாவியும்... அதன் பல்லும்!

இரண்டாவது. தெரிந்தது. மூன்றாவது, நான்காவது... எல்லாமே வெறும் ரப்பர்!

இந்தக் குப்பையைப் போட்டுக்கொண்டுதான் மூன்று வாரமாக நர்ஸுகள் மெஷின் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ், வாங்கிய கதிரின் அளவைப் பதிவு செய்யும். ஆனால், அதன் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

"புஷ்பவல்லி..." என்றாள். "வயித்துல புள்ளையோட நிக்கிறா சார். ஏப்ரன் இருக்கு, பயப்படாதன்னு நான்தான் சொன்னேன்!"

இம்ரான் கொக்கியில் மிச்சமிருந்த ஒரே ஏப்ரனைக் காட்டினார்.

"அது?"

"என்னோடது."

விரித்தாள். பொத்தான்.

திரை முழுக்கக் கறுப்பு! சாவியைக் காணோம்!

இம்ரான் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"எல்லாருக்கும் ரப்பர்... உங்களுக்கு மட்டும் அசல். பொறுப்பும் உங்களோடது. மேலதிகாரிங்க உங்களைத்தான் கை காட்டுவாங்க மேடம். நானும்தான்!"

"சார்! சத்தியமா எனக்குத் தெரியாது! பழைய ஸ்டாக்னு சொல்லிக் கொடுத்தாங்க!"

"யாரு?"

"ஸ்டோர் சூப்பர்வைசர்... திருச்செல்வம் அண்ணே."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"கூப்பிடுங்க. நான் கண்ணாடிக்குப் பின்னாடி குனிஞ்சு உக்காந்துக்கிறேன். மைக் ஆன்லயே இருக்கட்டும், நீங்க பேசுறது எனக்குக் கேக்கணும்."

திருச்செல்வம் சிரித்த முகத்தோடு வந்தான். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை.

"சாப்டியா மலர்? முகம் வாடிக் கிடக்கு."

"ஒரு கை கொடுங்க அண்ணே. மெஷினை செக் பண்ணணும். இந்தப் புது ஏப்ரனைப் போட்டுக்கிட்டு மேஜைகிட்ட நில்லுங்க. நான் உள்ள போய் ஆன் பண்றேன்."

சிரிப்பு அப்படியே நின்றது.

"அது... உன்னோடதை கொடேன்."

"ஏன்? புது மாடல்தானே! புள்ளத்தாச்சியே போட்டுக்கிட்டு நிக்கிறா... உங்களுக்கு என்ன?"

அவன் பின்வாங்கினான். முகத்தில் வியர்வை. மலர்விழி அந்த ஏப்ரனை அவன் மார்பில் வைத்து அழுத்தினாள்.

"போடுங்க அண்ணே!"

"வேணாம்!" அலறினான். "அதுல ஒண்ணும் இல்ல, மலர்! வெறும் ரப்பர்!"

"முகுந்தனுக்கும் தெரிஞ்சிடுச்சா?"

முனகினான். "ஏன் லேசா இருக்குன்னு கேட்டு ஸ்டோருக்கே வந்துட்டான். படிக்கட்டு வரைக்கும் பின்னாடியே போய்க் கெஞ்சினேன். கேக்கல... தள்ளிட்டேன்."

"எதுக்குண்ணே? எல்லாம் எதுக்கு?"

"வீட்டுக்கு! ரப்பரை வாங்கி மிச்சம் புடிச்ச காசு. பூச்சோங்ல வீடு பாத்திருக்கேன்... நமக்கு!" அவன் கண்கள் கலங்கின. "மத்தவங்க எக்கேடும் கெடட்டும். உனக்கு மட்டும் அசலை எடுத்து வச்சேன். அது கூடவா உனக்குப் புரியல?"

புரிந்தது. அவளைக் காப்பாற்றிய அந்த அன்பை நினைத்தாலே உடம்பு கூசியது.

"என்ன வேணும்ணே உங்களுக்கு?"

அவன் உதடு துடித்தது. வருடக்கணக்கில் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினான்.

"இனிமே என்னை அண்ணேன்னு கூப்பிடாத, மலர்... என்னைக் கட்டிக்கிறியா?"

சுவரில் இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"கவலைய விடுங்க பாஸ்!" என்றார் இம்ரான். "இனிமே உங்களை யாரும் அண்ணேன்னு கூப்பிட மாட்டாங்க... நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க!"