நூற்றைந்து கிராம் கொசுறு

மேஜையின் மேல் அது அசையாமல் கிடந்தது.

உடம்பு முழுக்க பிரவுன் டேப். தலை எது, கால் எது என்று தெரியாத உருண்டை உடம்பு. நாற்றம் வேறு!

தேவயானி கையுறையை மாட்டினாள். கத்தியை எடுத்தாள். ஒரே கீறல்...

சரக்!

பதறாதீர்கள். ரத்தம் வரவில்லை. கஞ்சா வந்தது.

தடயவியல் ஆய்வகத்தின் போதைப்பொருள் பிரிவில் தேவயானிதான் விஞ்ஞானி. வந்த பொட்டலங்கள் பத்து. இது கடைசி. மேலுறையைக் கழற்றி வைத்துவிட்டு, இலைச் சரக்கை மட்டும் மின் தராசில் வைத்தாள். எண்கள் ஓடி நின்றன.

செல்போன் அலறியது.

"மேடம், சரவணகுமார் பேசறேன். இருபதத் தாண்டுச்சா, இல்லியா?"

போதைத் தடுப்புப் பிரிவு இன்ஸ்பெக்டர். பொறுமை என்ற பொருளை அவர் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை.

"ரிப்போர்ட் டைப் பண்ணணும் சார்..."

"நான் லேப் வாசல்ல தான் நிக்கறேன். உள்ள வர்றேன்!"

வந்தே விட்டார். வந்தவர் முகத்தில் வழக்கமான மிடுக்கு இல்லை.

"வாசல்ல அந்தப் பொண்ணு காவியா இன்னிக்கும் நிக்குது மேடம். டிரைவர் சந்திரனோட சம்சாரம். என்னப் பாத்ததும் ஓடி வந்து, 'இருபதுக்குக் கீழ வந்துச்சாங்க?'ன்னு கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?"

தேவயானி தராசின் எண்களை மறுபடி ஒரு முறை பார்த்தாள்.

விஷயம் இதுதான். சந்திரன் ஜவ்வாது மலைக்காரன். சொந்தமாய் ஒரு மினி லாரி. ஜமுனாமரத்தூரில் மூன்று கடைகளில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு திருப்பத்தூர் மண்டிக்கு இறங்குவான். போன வாரம் ஆலங்காயம் அருகே வண்டியை மடக்கினார்கள். புளி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மூட்டையில் பத்து பொட்டலம் கஞ்சா!

எந்தக் கடை மூட்டை? சந்திரனுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிச் சாக்கு. மூன்று முதலாளிகளும் 'எங்களுது இல்லீங்க' என்று கையை விரித்துவிட்டார்கள்.

கஞ்சா இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது பத்து வருடம் உள்ளே! ஜாமீன் குதிரைக் கொம்பு. தாண்டாவிட்டால் ஜாமீனில் வெளியே வந்து கேஸை நடத்தலாம். போலீஸ் எடை சரியில்லை என்று சந்திரனின் வக்கீல் கத்தியதில், கோர்ட் மொத்தச் சரக்கையும் லேபுக்கே அனுப்பிவிட்டது.

"எவ்ளோ மேடம்?"

"இருபது கிலோ ஐநூத்தி இருபத்தாறு கிராம். பிளஸ் ஆர் மைனஸ் பதினோரு கிராம்."

"அது இன்னா பிளஸ் ஆர் மைனஸ்? கூட்டலா, கழித்தலா? ஒண்ணச் சொல்லுங்க மேடம்!"

"ரெண்டும்தான் சார். தராசு சாமி இல்லியே. ஒரே பொட்டலத்தப் பத்து தடவ வெச்சு எடுத்தா கடைசி எண்ணு ஆடும். தராச சரிபாத்து சர்டிபிகேட் குடுத்தவங்களே அதுல ஒரு சின்ன சந்தேகம் எழுதியிருப்பாங்க. பத்து பொட்டலத்தத் தனித்தனியா நிறுத்துக் கூட்டுறப்ப அந்த சந்தேகமும் சேந்து வளரும். எல்லாத்தையும் கணக்குப் போட்டா பதினோரு கிராம்."

"அரை கிலோ மேல நிக்குது. பதினோரு கிராம் போனா இன்னா, வந்தா இன்னா? சந்திரன் காலி!"

"ஆமா சார். சந்திரன் காலி. நான் பொய் எழுத முடியாது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசல் வேப்பமரத்தடியில் காவியா நின்றிருந்தாள். நியாயமான எடை இத்தனை அநியாயமாய்க் கனக்கும் என்று தேவயானிக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை.

சரவணகுமார் தொப்பியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார்! அந்தப் பதினோரு கிராமத் தேடுறப்ப வேற ஒண்ணு மாட்டுச்சு. இதப் பாருங்க."

பெரிய பொட்டலங்கள் ஒன்பதையும் வரிசையாகக் காட்டினாள்.

"ஒம்போதும் ரெண்டு கிலோ நூத்தஞ்சு கிராம். மூணு நாலு கிராம் கூட முன்ன பின்ன இல்ல. அவ்வளவு பொறுப்பா நிறுத்திருக்கான். ஆனா எவனாவது ரெண்டு கிலோ நூத்தஞ்சு கிராம்னு பொட்டலம் போடுவானா?"

"கொசுறு போட்டிருப்பான் மேடம்!"

"கஞ்சாவுக்குக் கொசுறா?"

"தொழில் போட்டி அப்பிடி..."

"சரி, கொசுறுன்னே வெச்சுக்குவோம். பத்தாவது சின்னப் பொட்டலம். ஒண்ணரை கிலோவுக்கு மேல எழுபத்தொம்போது கிராம் தான் இருக்கு. கொசுறு போடறவன் கையால அள்ளிப் போடுவான். சின்னதுக்குப் பாத்துப் பாத்துக் குறைச்சா போடுவான்?"

சரவணகுமார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புரியல. ஆனா பயமாக்கீது. சொல்லுங்க."

"தப்புல ரெண்டு வகை சார். குடிச்சவன் மாதிரி அங்கயும் இங்கயும் ஆடறது ஒண்ணு. நம்ம ஆபீஸ் கடிகாரம் மாதிரி எப்பவும் ஒரே அளவு பின்தங்கறது இன்னொண்ணு. இது ரெண்டாவது! பொட்டலம் போட்டவன் தராசு நூத்துக்கு அஞ்சு குறைச்சுக் காட்டுது. அவன் ரெண்டு கிலோன்னு நெனச்சுத்தான் கட்டியிருக்கான். ஒம்போது ரெண்டு பதினெட்டு, கூட ஒரு ஒண்ணரை..."

"பத்தொம்பதரை!"

"இருபதுக்குக் கீழ! எப்பவாச்சும் மாட்டினாலும் சுலபமா வெளிய வந்துடலாம்னு கணக்குப் போட்டவன். சட்டம் தெரிஞ்ச ஆளு."

சரவணகுமார் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"மூணு கடை! மூணு தராசு! எதுல நூத்துக்கு அஞ்சு குறையுதோ..."

"கொறைச்சுக் காட்டற தராசு, மலைக்காரங்க கிட்ட புளி வாங்கறப்பதான் வெளிய வரும். அதப் பாக்கணும்னா வாங்கப் போவக் கூடாது சார். விக்கப் போவணும்."

* * *

ஜமுனாமரத்தூர். சந்தை நாள் காலை.

பஸ்ஸிலிருந்து மலைக்குடும்பம் ஒன்று இறங்கியது. மனைவி கண்டாங்கிச் சேலையில் தேவயானி. கணவன் கைலியில், தலையில் புளி மூட்டையோடு, உலகத்தையே கைது செய்துவிடும் முகத்தோடு சரவணகுமார்!

"இது விஞ்ஞானி பண்ற வேலையா மேடம்?" பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"இல்ல சார். ஆனா உங்களத் தனியா விட்டா முதல் கடையிலயே லத்தியத் தேடுவீங்க."

மூட்டையில் இருந்தது லேபிலேயே நிறுத்துக் கட்டிய புளி. மிகச் சரியாக இருபது கிலோ. மலைப் பனியில் ஈரம் ஏறிவிடக் கூடாதென்று உள்ளே பாலிதீன் போட்டு மூடியிருந்தாள் தேவயானி. எடை விஷயத்தில் அவள் பனியைக்கூட நம்ப மாட்டாள்.

முதல் கடை. வடிவேலு மண்டி. மலை முழுக்க நாறிப்போன பெயர்.

"யோவ், மூட்டய எறக்கு!" என்றாள் தேவயானி சத்தமாக.

'யோவா!' இன்ஸ்பெக்டரின் காது சிவந்தது. இறக்கினார்.

தராசு பதினெட்டு கிலோ நானூறு காட்டியது!

"டேய்...!" சரவணகுமாரின் கை இடுப்புக்குப் போனது. தேவயானி நறுக்கென்று கிள்ளினாள்.

"விலை கட்டாதுய்யா, தூக்கு!" வெளியே வந்ததும் கிசுகிசுத்தாள். "நூத்துக்கு எட்டு சார். இவன் வேற திருடன். பெறவு புடிச்சுக்கலாம்."

இரண்டாவது கடை. சுப்பிரமணி டிரேடர்ஸ்.

பத்தொன்பது கிலோ எண்ணூறு.

"இன்னாம்மா மொறைக்கற? புளியில கொட்ட, நாரு, தூசி எல்லாம் கீதுல்ல?" என்று சுப்பிரமணி சிரித்தார்.

"நூத்துக்கு ஒண்ணு. சில்லறைத் திருடன்," என்றாள் வெளியே வந்து.

சரவணகுமார் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்.

"அவ்ளோதான் மேடம். மூணாவது கடைக்குப் போறது வீண் வேலை. கோபால்சாமி கடை அது. மலையிலயே நாணயமான தராசுன்னா அவருதுதான். அவரு கிட்ட விக்கறதுக்கு மூணு மைல் நடந்து வர்றாங்க. போன மாசம் கூட ஒரு விழாவுல நான்தான் அவருக்கு சால்வ போத்தினேன்!"

"சால்வைக்கும் எடைக்கும் சம்பந்தம் இல்ல சார். தூக்குங்க."

கோபால்சாமி கடையில் கூட்டம். நெற்றி நிறையத் திருநீறு. வாய் நிறையச் சிரிப்பு.

"வாம்மா! உன் கண்ணு முன்னாலயே நிறுக்கறேன். நல்லாப் பாத்துக்க. நம்ம கடையில ஒரு கிராம் கூட அந்தாண்ட இந்தாண்ட போவாது!"

மூட்டை தராசில் ஏறியது.

எண்கள் ஓடின. ஆடின. நின்றன.

பத்தொன்பது கிலோ... பூஜ்யம்... பூஜ்யம்... பூஜ்யம்!

தேவயானி, மூட்டையை எடுத்து மறுபடி வைக்கச் சொன்னாள். பத்தொன்பது. இன்னொரு தடவை. பத்தொன்பது!

சரவணகுமார் பாதி முகத்தை மறைத்திருந்த தலைத்துண்டை அவிழ்த்தார்.

"வணக்கம் மொதலாளி. போன மாசம் சால்வ போத்தின இன்ஸ்பெக்டர் சரவணகுமார் நான். இவங்க லேப் விஞ்ஞானி. உங்க தராசு இருபது கிலோவப் பத்தொம்போதுன்னு சொல்லுது."

கோபால்சாமி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தமாஷ் பண்ணாதீங்க சார்! என் தராசா? வருஷா வருஷம் முத்திரை போட்டது! இருங்க, நானே காட்டறேன்."

மூலையிலிருந்த முத்திரை போட்ட பழைய இரும்புப் படிக்கற்களை அவரே தூக்கி வந்தார். இருபது கிலோ. தராசில் அடுக்கினார்.

பத்தொன்பது.

சிரிப்பு நின்றது. தராசைத் தட்டினார். ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். பத்தொன்பது! திருநீற்றின் மேல் வியர்வை இறங்கியது.

வியாபாரிக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு எண்ணைப் பார்த்துவிட்டால் வாய் தானாகக் கணக்குப் போடும். வீடு பற்றி எரிந்தாலும் போடும்!

"பத்தொம்போதுக்கு இருபதுன்னா... பத்துக்கு அரைகிலோ மேல... அப்போ அந்தப் பத்தொம்பதரைக்கு..." விரல் விட்டு எண்ணினார். "இருபதரை! அய்யய்யோ, இருபதத் தாண்டிடுச்சே!"

சரவணகுமார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நெருங்கினார்.

"எது மொதலாளி தாண்டுச்சு?" பாசமாய்க் கேட்டார். "புளி இருபதத் தாண்டினா அய்யய்யோன்னு எவனும் அலற மாட்டானே?"

கோபால்சாமி வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் லேட்!

போலீஸ்காரரிடம் உளறியது கோர்ட்டில் நிற்காது. அது சரவணகுமாருக்குத் தெரியும். கிடங்கு நிற்கும். ஜீப்பில் காத்திருந்த போலீஸார் வந்து, சந்தைக்கு வந்தவர்களைச் சாட்சி வைத்துப் புளிக் குவியலைக் கிளறினார்கள். அடியில் இன்னும் எட்டு பொட்டலம்! அதே பிரவுன் டேப். தேவயானிக்குச் சொல்லவே வேண்டாம். கையில் தூக்கும்போதே ரெண்டு கிலோ நூற்றைந்து என்று முனகினாள்.

"சந்திரனுக்கு இதுல பங்கு உண்டா?" என்றார் சரவணகுமார்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார்!" கோபால்சாமி உடைந்து போனார். "மூணு கடை மூட்டையும் ஏத்தறவன் அவன் ஒருத்தன்தான். மாட்டினாலும் எவன் மூட்டைன்னு தெரியாதுன்னு..."

தேவயானி அங்கேயே போனை எடுத்தாள்.

"காவியா? லேப்ல இருந்து தேவயானி பேசறேம்மா. நெஜ ஆளு மாட்டிக்கினான். சந்திரன் பேர எடுக்கச் சொல்லி இன்ஸ்பெக்டரே கோர்ட்டுக்கு வர்றாரு."

மறுமுனையில் அழுகைதான் வந்தது. நல்ல அழுகை. தேவயானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பனி என்று பொய் சொன்னாள்.

கோபால்சாமிக்கோ வேறு துக்கம்.

"சார், சத்தியமாச் சொல்றேன். புளியில நான் ஒரு கிராம் கூட ஏமாத்தினதில்ல! எந்த அதிகாரியும் கடைப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு தானே இத்தினி வருஷம் பல்லக் கடிச்சிக்கினு நேர்மையா இருந்தேன்! எந்தப் பாவி சார் என் தராசத் திருப்பினது?"

"நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள்.

காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள் கோபால்சாமியின் மனைவி ரஞ்சிதம். கழுத்தில் மூன்று வரிசைச் சங்கிலி.

"நீயா...!"

"பின்ன? பக்கத்துக் கடைக்காரன் பொண்டாட்டி எல்லாம் மாடி வூடு கட்டிட்டாளுங்க. நீ நேர்மை, நேர்மைன்னு சால்வயா வாங்கி அடுக்கின. சால்வய வெச்சு இன்னா பண்றது? பொங்கலுக்கு முன்னாடி மெக்கானிக்கக் கூட்டியாந்து நூத்துக்கு அஞ்சு கொறைக்கச் சொன்னேன். மிச்சமாகற புளிய நானே தனியா வித்தேன்."

"அடிப்பாவி! பத்து வருஷம்டீ! பத்து வருஷம்!"

"புளிக்குத்தானேய்யா கொறைச்சேன்? நீ அதுல கஞ்சா நிறுப்பன்னு நான் கண்டனா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கு மட்டும் சரியா திருப்பி வெச்சிருப்பேன்ல?"

கோபால்சாமி அப்படியே புளிக் குவியலில் சரிந்து உட்கார்ந்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். எடைத் திருட்டுக்காகப் பின்னாலேயே ரஞ்சிதமும் ஏறினாள். காபியைக் கீழே சிந்தாமல்!

"இத்தினி வருஷமா போலீஸுக்குத் தெரியாம பாத்துக்கினேன் சார்..." கோபால்சாமி விசும்பினார். "எங்க தப்பு பண்ணேன்?"

சரவணகுமார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார்.

"போலீஸுக்குத் தெரியாம செஞ்சது தப்பில்ல மொதலாளி... பொண்டாட்டிக்குத் தெரியாம செஞ்சீங்க பாருங்க, அதுக்குத்தான் பத்து வருஷம்!"